பெருங்களத்தூர் எஞ்சினும் தீராத ஆயில் லீக்கும்



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "கவிதை நிறைய சேர்ந்திருச்சு, தொழில் சம்பந்தமா யாராவது எழுதுங்கப்பா" என்றார்கள். என் பேட்ச்காரர்களில் பலர் இன்று பேட்டரி கார், சாஃப்ட்வேர் என்று போய்விட்டார்கள். நான் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். ஆகவே எனக்குத் தெரிந்த, கொஞ்சம் அழுக்கான விஷயத்தையே எடுத்துக்கொண்டேன். நம் ஊர்ப் பக்கத்தில் பிறந்த ஒரு காரின் எஞ்சின் ஏன் ஆயில் ஒழுகியது, அதை எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்வது, அதற்காக யாரைக் குற்றம் சொல்வது என்பதுதான் கட்டுரை.

கார் என்றால் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூரைத் தாண்டும்போது இன்று ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கிற இடத்தில்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி இருந்தது. நம் ஜூனியர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், வண்டலூர் பக்கத்துப் பெரியவர்களிடம் "ஸ்டாண்டர்ட் கம்பெனி" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். ஒரு காலத்தில் அங்கே வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள்.

1948-ல் சென்னை யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் கூட்டு சேர்ந்து ஆரம்பித்தது இது. முதலில் வேன்கார்டு காரைப் பெட்டிகளில் வரவழைத்துப் பூட்டினார்கள். 1953-ல் டாரிஃப் கமிஷன் ஒரு அறிக்கை கொடுத்தது. காரை இங்கேயே படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் உள்ளவர்கள்தான் தொழிலில் இருக்கலாம், பூட்டி மட்டும் விற்பவர்கள் கிளம்பலாம் என்பது அதன் சாரம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டினார்கள். ஸ்டாண்டர்ட் தங்கியது. 1950-களின் நடுவில் ஸ்டாண்டர்ட் 8, ஸ்டாண்டர்ட் 10 வந்தன. 1961-ல் ஹெரால்டு வந்தது.

ஹெரால்டு பார்க்க லட்சணமான வண்டி. வரைந்தவர் இத்தாலியின் டுரின் நகரத்து ஜியோவானி மிகெலோட்டி. பிரிட்டனில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. அங்கே ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டதால், முழு பாடியை ஒரே கூடாக அடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுப் பூட்டினார்கள். நம்மூர் மாதிரி இடங்களில் பூட்டுவதற்கு அது ரொம்ப சௌகரியம். ஆனால் இணைப்பு அதிகம் என்றால் ஒழுகலும் அதிகம்தானே. மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும், வருஷம் முழுக்க ஆயில் வெளியே போகும் என்று ஹெரால்டு வைத்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

பானட் ஒன்று போதும் ஒரு மெக்கானிக்கைக் காதலில் விழ வைக்க. முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து முழுசாக முன்னால் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைத் தொடலாம். இன்றைய கார்களில் ஒரு பல்பு மாற்றக் கையைக் கிழித்துக்கொள்கிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். 948 சி.சி., நாலு சிலிண்டர், 63 மில்லிமீட்டர் போர், 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், மூன்று மெயின் பேரிங். இதன் மூதாதை 1953-ல் இங்கிலாந்து ஸ்டாண்டர்ட் 8-ல் வந்த 803 சி.சி. எஞ்சின். அங்கே அதையே 1147, 1296, கடைசியில் 1493 சி.சி. என்று வளர்த்து, 1980-ல் ஸ்பிட்ஃபயர் கார் நிற்கும் வரை ஓட்டினார்கள். இங்கே ஹெரால்டு மார்க் 3-க்கு நாலு கதவு வந்தது, 1972-ல் கேஸல் என்று புதுப் பெயர் வந்தது, பின் ஆக்ஸில் மாறியது. 948 சி.சி. மட்டும் மாறவே இல்லை. 1977 வாக்கில் கேஸல் நிற்கும் வரை அதேதான்.

இந்த எஞ்சின் ஒழுகும் இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. மேலே ராக்கர் கவரின் கார்க் கேஸ்கெட். முன்னால் டைமிங் கவர் சீல். பக்கத்தில் ஆயில் பிரஷர் சுவிட்ச், பெட்ரோல் பம்ப் பூட்டிய இடம், ரிலீஃப் வால்வின் வாஷர். கீழே சம்ப் கேஸ்கெட். அதற்கு முன்முனையில் ஒரு வேடிக்கையான சாமான் உண்டு. பிளாக்கையும் சம்ப்பையும் இணைக்க ஒரு அலுமினியக் கட்டை, சீலிங் பிளாக். அதன் இரண்டு ஓரத்து இடைவெளியையும் எதைக் கொண்டு அடைக்கச் சொல்கிறது கம்பெனி மேனுவல் தெரியுமா? மரத் துண்டு! ஆமாம், சின்ன மர ஆப்பை அடித்து இறக்கி, மிச்சத்தை பிளாக்கின் மட்டத்துக்குச் சீவிவிட வேண்டும். ஆயிலில் ஊறி உப்பி அது இடத்தை நிரப்பிக்கொள்ளும். நம் தச்சர் வேலை மாதிரி இருக்கிறதே என்று நினைக்கலாம், ஆனால் சரியாகச் செய்தால் வருஷக்கணக்கில் தாங்கும். தொல்லை அந்த அலுமினியத்தின் மரையில். சம்ப் போல்ட்டை ஒருவன் வேகமாக இறுக்கினால் போதும், மரை போய்விடும். பிறகு எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் அந்த மூலையில் கசியும். லேத்தில் கொடுத்துப் பெரிதாக மரை வெட்டி, பித்தளை புஷ் போடுவதுதான் வழி.

எல்லாவற்றுக்கும் மேலே, பின்பக்கம். நான் சொல்ல வந்த விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இன்றைய எந்த எஞ்சினிலும் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் லிப் சீல் இருக்கும். ரப்பர் உதடு ஷாஃப்ட்டைக் கவ்விப் பிடித்து ஆயிலைத் தடுக்கும். ஹெரால்டின் 948-ல் அது கிடையாது. கிராங்கின் பின்முனையில் திருகு மரை மாதிரி ஒரு காடி வெட்டியிருக்கும். அதைச் சுற்றி ஒரு அலுமினிய ஹவுசிங், நடுவில் மயிரிழை இடைவெளி. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. எஞ்சின் சுற்றும்போது அந்தத் திருகு, வெளியே வரப் பார்க்கும் ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். கிணற்றுத் தண்ணீரைத் திருகு வைத்து ஏற்றும் ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான். தேய்மானமே இல்லை என்பது இதன் பெருமை. ஆனால் எஞ்சின் நின்றால் திருகும் நின்றுவிடும், இடைவெளி திறந்தே இருக்கும். மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தினால், அல்லது டிப் ஸ்டிக் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினால், நாலு சொட்டு விழத்தான் செய்யும். அதை ரிப்பேர் என்று சொல்ல முடியாது, அந்த டிசைனின் குணமே அப்படி.

இது ஹெரால்டுக்கு மட்டும் வந்த சாபமில்லை. அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சி.சி. பி.எம்.சி. எஞ்சினிலும் இதே திருகு ஏற்பாடுதான். திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு புல்லட்டுக்கு வேறு காரணங்கள், ஆனால் பழமொழி ஒன்றுதான்: கீழே ஆயில் இல்லையென்றால் உள்ளேயும் ஆயில் இல்லை! ட்ரையம்ப்காரர்கள் தங்கள் ஊரில் 1960-களின் கடைசியில் வந்த பெரிய எஞ்சின்களில் இந்தத் திருகை எடுத்துவிட்டு ரப்பர் சீல் போட்டார்கள். அவர்களுக்கே அது சரிப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அப்புறம் இங்கே ஏன் மாறவில்லை? அந்தக் காலத்துச் சூழ்நிலையைப் பார்க்க வேண்டும். 1951-ன் தொழில் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் உற்பத்தியைக் கூட்ட முடியாது. 1957-58-ல் அந்நியச் செலாவணி வறட்சி. 1961-ல் கவென்ட்ரி தாய்க் கம்பெனியையே லேலண்டு வாங்கிவிட்டது. 1969-ல் மத்திய அரசு இந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்ட் மூன்று கம்பெனிகளின் கார் விலையையும் தானே நிர்ணயித்தது, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. புது எஞ்சினுக்கு புது மெஷின் லைன் போட வேண்டும். யார் பணம் போடுவார்கள்? எதைச் செய்தாலும் வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது எதற்காகப் போட வேண்டும்? இதில் நிர்வாகத்தின் சோம்பலும் கொஞ்சம் உண்டு என்பது என் கருத்து, மாற்றுக் கருத்து உள்ளவர்கள் விழாவில் என்னோடு சண்டை போடலாம்.

ஆனால் ஊரில் நிலைத்துவிட்ட பேச்சு வேறு. "பெருங்களத்தூர்ல ஒழுங்கா ஃபிட் பண்ண மாட்டாங்க, அதான் ஒழுகுது, டப்பா வண்டி." இதைத்தான் நான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். இது அநியாயம் என்று எனக்குப் புரிந்தது செம்பாக்கத்தில்.

என் பெரியப்பா செம்பாக்கத்தில் வீடு கட்டியபோது சுற்றிலும் வயல், ஏரி. 2021-ல் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது, வேளச்சேரி ரோட்டில் இப்போது ரோடைக் கடக்கவே பத்து நிமிஷம். அந்த வீட்டு ஷெட்டில் 1969 மாடல் மார்க் 3 ஒன்று இருக்கிறது. சில வருஷம் முன்பு அது கண்டபடி ஒழுக ஆரம்பித்தது. சொட்டு இல்லை, வாரத்துக்குக் கால் லிட்டர். பெரியம்மா புதிதாக டைல்ஸ் போட்ட தரை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். பெல் ஹவுசிங் அடியில் சொட்டுகிறது, ஆகவே பின்பக்கம் போய்விட்டது, கிராங்க் தேய்ந்துவிட்டது, சாமான் கிடைக்காது, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பெரியப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயசு. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர். ஸ்டாண்டர்டில் எஞ்சின் அசெம்பிளியில் இருந்தவர், 1988-ல் கம்பெனி நின்றபோது வேலை போனவர், பிறகு கேம்ப் ரோடு பக்கம் சின்ன ஷெட் போட்டுப் பிழைத்தவர். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் போய்க் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர் ஸ்பானரையே கேட்கவில்லை. ஒரு லிட்டர் கெரசினும் பழைய பனியனும் கேட்டார்.

"தம்பி, சொட்டுற இடத்தைப் பாத்து எவனும் லீக்கைக் கண்டுபிடிக்க முடியாது. ஓடுற வண்டியில காத்து ஆயிலைப் பின்னால தள்ளும், கனம் கீழ இழுக்கும். எங்க கசிஞ்சாலும் கடைசில பெல் ஹவுசிங்லதான் வந்து சொட்டும். ஈரம் எங்க ஆரம்பிக்குதுனு பாருங்க."

எஞ்சினை முழுக்க கெரசினில் துடைத்து, காய வைத்து, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை எல்லா இணைப்பிலும் தூவினார். அடியில் நியூஸ் பேப்பர் விரித்தார். எஞ்சினைப் போட்டு கால் மணி நேரம் ஐட்லிங்கில் விட்டார். வெள்ளைப் பவுடரில் ஈரம் படரும்போது அது எங்கே முதலில் கருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். இதற்கு இன்று நீல ஒளி விளக்கும் ஆயிலில் கலக்கும் சாயமும் இருக்கின்றன, என் தொழிற்சாலையிலும் உபயோகிக்கிறோம். பவுடர் அதைவிட மோசம் என்று சொல்ல மாட்டேன்.

எஞ்சின் ஓடும்போதே பீய்ச்சினால் அது பிரஷர் உள்ள இடம், அதாவது சுவிட்ச், ஃபில்டர், ரிலீஃப் வால்வு. மெல்லப் படர்ந்தால் கேஸ்கெட். நிறுத்தின பிறகு சொட்டினால் பின்பக்கத் திருகு. விழுந்ததை விரலில் தொட்டு முகர்ந்தும் பார்க்க வேண்டும், கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக நாற்றம் உண்டு. அது வந்தால் எஞ்சினைத் தொடவே வேண்டாம், கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும்.

எங்கள் வண்டியில் ராக்கர் கவரின் பின்மூலை முதலில் கருத்தது. பின்பக்கத்திலும் கசிவு இருந்தது, ஆனால் எஞ்சின் ஓடும்போதே. அதுதான் அவரை யோசிக்க வைத்தது. ஓடும்போது திருகு வேலை செய்ய வேண்டுமே? ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைக்கச் சொன்னார். குப் குப்பென்று காற்று அடித்தது. மூடியைத் திறந்தே வைத்து ஓட்டினோம். பின்பக்கக் கசிவு கண்முன்னால் குறைந்தது.

விஷயம் இதுதான். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதுமே கீழே இறங்கும். அது வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு, ரோட்டைப் பார்த்துக் கீழே தொங்கும். வண்டி ஓடும்போது அதன் வாயில் பாயும் காற்று உள்ளிருக்கும் புகையை உறிஞ்சி எடுக்கும். வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நின்று, எப்போதாவது கடைக்கு மட்டும் போய் வந்தால், ஆயிலும் ஈரமும் சேர்ந்து களியாகி அந்தக் குழாயை அடைத்துவிடும். ராக்கர் மூடிக்குள் இருக்கும் கம்பி வலையும் அடைத்துவிடும். உள்ளே அழுத்தம் ஏறும். திருகால் ஆயிலைத்தான் திருப்ப முடியும், அழுத்தத்தோடு வரும் காற்றைத் தடுக்க முடியாது. ரப்பர் சீல் உள்ள எஞ்சின் இந்த அழுத்தத்தைக் கொஞ்சம் தாங்கும், இது தாங்காது.

குழாயைக் கழற்றி கெரசினில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு, கம்பி விட்டுக் குத்தினோம். வந்ததை வர்ணிக்க வேண்டாம். ராக்கர் கவரை யாரோ மேல் நட்டை அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கி, அதன் ஓரம் வளைந்திருந்தது. சமதளக் கண்ணாடி மேல் கவிழ்த்து, வளைவைப் பார்த்து, மரச் சுத்தியலால் தட்டி மட்டப்படுத்தினார். கார்க் ஷீட்டில் புது கேஸ்கெட் வெட்டி, தண்ணீரில் ஊற வைத்து, கவர் பக்கம் மட்டும் ஷெல்லாக் தடவி ஒட்டினார். ஹெட் பக்கம் லேசாக கிரீஸ், அவ்வளவுதான். "ரெண்டு பக்கமும் அனாபாண்ட் அப்பினா அடுத்த தடவை பிச்சுத்தான் எடுக்கணும். உள்ள பிதுங்குற துண்டு ஆயில் பம்ப் வலையில போய் உக்காரும். அப்புறம் பேரிங் போகும்." கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா தலையாட்டினார்.

மொத்தச் செலவு பெட்ரோல் இல்லாமல் முந்நூறு ரூபாய்க்குள். கால் லிட்டர் போய், வாரத்துக்கு நாலைந்து சொட்டு என்று ஆயிற்று. 20டபிள்யூ-50 ஆயில், டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஷெட் வாசல் சரிவில் மூக்கை மேலே வைத்து நிறுத்துவதை விட்டாயிற்று, பின்பக்கமாகவே உள்ளே விடுகிறார்கள்.

நான் எஞ்சினியர் அல்லவா, சும்மா இருப்பேனா? "அந்த நாலு சொட்டையும் நிறுத்தலாமே, ஐயா?" என்றேன். முடியும் என்றார். ஹெரால்டில் கியர் பாக்ஸைக் கீழே இறக்க வேண்டாம், சீட்டைக் கழற்றி நடு டனல் மூடியை எடுத்தால் காருக்குள்ளிருந்தே தூக்கலாம். கிளட்ச், ஃப்ளைவீல் எடுத்துவிட்டால் அந்த அலுமினிய ஹவுசிங் கண்ணுக்குத் தெரியும். போல்ட்டைத் தளர்த்தி, சுற்றிலும் இடைவெளி சமமாக வரும்படி நடுவாக்கி மறுபடி இறுக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் எதிர்ப்பக்கம் இடைவெளி கூடி ஆயில் கொட்டும். கம்பெனியில் இதற்கென்று உருளையான ஒரு டூல் இருந்தது, மாட்டினால் தானே நடுவாகும். டூல் இல்லாத இடத்தில் ஒரே கனமுள்ள ஃபீலர் கேஜ் தகடுகளை நாலு பக்கமும் செருகி வைத்து இறுக்க வேண்டும். "அதை லைன்ல நாங்க ஒவ்வொரு எஞ்சினுக்கும் பாப்போம். பாக்காம விட்டா டெஸ்ட் பெஞ்சுல தெரிஞ்சிரும், திருப்பி அனுப்பிருவாங்க. எங்களைப் போய் ஒழுங்கா ஃபிட் பண்ணலைங்கிறாங்க."

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் ஏறியது. வரைபடத்திலேயே வந்த ஒழுகலை, ஃபீலர் கேஜ் வைத்து நாலு சொட்டுக்குள் பிடித்து வைத்தவர்கள் அவர்கள். குறை கவென்ட்ரியில் 1950-களில் போட்ட கோடு. அதை மாற்ற வேண்டியவர்கள் மாற்றாமல் விட்டது இரண்டாவது குறை. கெட்ட பெயர் மட்டும் லைனில் நின்றவர்களுக்கு.

மற்றது உங்களுக்குத் தெரியும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ரோவர் எஸ்.டி.1 பாடியை எடுத்து, அதில் பழைய வேன்கார்டு வம்சத்து 1991 சி.சி. எஞ்சினைப் போட்டார்கள். பளபளப்பான சட்டைக்குள் தாத்தா! விலையும் அதிகம், பெட்ரோலும் குடித்தது, 1988-ல் எல்லாம் நின்றது. 2006-ல் கம்பெனிச் சொத்துக்களை விற்றபோது கிடங்கில் கிடந்த ரோவர் உதிரிபாகங்களை பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிக்கொண்டு போனது. பெருங்களத்தூரில் கிடந்த சாமான், பிரிட்டனில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹெரால்டு சாமான் தேடுகிற நம் ஆட்கள் மட்டும் இன்னும் புதுப்பேட்டையையும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டையும் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த ஹவுசிங்கை நடுவாக்கும் டூலை நான் பார்த்ததில்லை. பெரியவர் கையால் ஒரு படம் போட்டுக் கொடுத்திருக்கிறார், அளவு அவருக்கு ஞாபகமில்லை. ஸ்டாண்டர்டில் 1988 வரை இருந்தவர்களில் இளையவருக்கே இப்போது அறுபது தாண்டிவிட்டது. நம் சங்கத்தில் யாருடைய அப்பாவோ மாமாவோ அங்கே வேலை பார்த்திருந்தால், பரணில் பழைய மேனுவல், டிரெயினிங் நோட்டு, அந்த டூல், எது கிடந்தாலும் விழாவுக்கு எடுத்து வாருங்கள். மேனுவலை நகல் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். டூல் கிடைத்தால் அளவெடுத்து, லேத்தில் நாலைந்து செய்து, ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்பதாக உத்தேசம். பெரியவரையும் அழைத்து வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஷெட் பக்கம் கொஞ்ச நேரம் ஒதுக்கித் தரும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன், ஹெரால்டு ஓட்டியே வருவோம். அடியில் விரிக்க நியூஸ் பேப்பர் நாங்களே கொண்டுவந்துவிடுவோம்.